கொழுந்து வாடும் நேரம்

நாங்கள் முதன்முதலில் பறித்து வாட்டிய 8 கிலோ தேயிலைக் கொழுந்து எருக்குழிக்குத்தான் போனது. 2022 ஜூன் மாதம் அது. கோத்தகிரியில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டுவதுபோலக் கொட்டாது. எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் ஆனி, ஆடியில் மேகம் இறங்கிவந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. அந்தக் காற்றில்தான் நான் இலை வாட்ட நினைத்தேன். 20 மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், பறித்தபோது இருந்த விறைப்பு அப்படியே இருந்தது. 36 மணி நேரத்தில் ஓரங்கள் சிவந்து புளித்த வாடை வந்துவிட்டது.

அம்மா அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா 34 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். 1974-இல், 12 வயதில், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்த குடும்பம் அவருடையது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பப்பட்டவர்கள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. ஆனால் தேயிலை ஆலைக்குள் அம்மா ஒரு நாளும் கால் வைத்ததில்லை. எடை போடும் இடத்தில் கூடையை இறக்குவதோடு அவர் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இலை என்ன ஆகிறது என்பதை 60 வயதில் என்னோடு சேர்ந்துதான் அவரும் கற்றுக்கொண்டார். எங்கள் தேயிலையை வாங்குகிறவர்கள் பலர், "அம்மாவின் அனுபவம் கைகொடுத்திருக்குமே" என்கிறார்கள். கைகொடுத்தது. அவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

நான் கோயம்புத்தூரில் மென்பொருள் சோதனை வேலையில் இருந்தவன். கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை என்று 2020-இல் மலைக்கு வந்தோம். மனைவி செவிலியர், இங்கேயே ஒரு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தோடு என் சேமிப்பையும் போட்டு 60 சென்ட் தேயிலை வாங்கினோம். ஆலைக்குக் கொடுத்தால் பசுந்தேயிலைக்கு 2022-இல் பெரும்பாலும் கிலோ 20 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. பறிகூலியும் உரமும் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 33 ரூபாய் 50 காசு கேட்டு இந்த மலையின் விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் பந்தலைக் கடந்து போகும்போதெல்லாம் வயிறு கலங்கும். இலையை விற்காமல் தேயிலையாகவே விற்றால் என்ன என்ற எண்ணம் எனக்கு வந்தது 2022-இன் அந்தக் கணக்கிலிருந்துதான்.

கையால் செய்யும் தேயிலைக்கு வேலைகள் நான்கு. வாட்டுவது, உருட்டுவது, காற்றில் பரப்பிச் சிவக்க விடுவது, உலர்த்துவது. இணையத்தில் படித்தபோது எளிதாகத்தான் தெரிந்தது. குன்னூரில், தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் வேலையிலேயே முக்கால் பங்கு வெற்றி இருக்கிறது என்று புரிந்தது. பச்சை இலையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். 10 கிலோ இலை 12 முதல் 18 மணி நேரத்தில் மெல்ல 6 கிலோவுக்கு இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் மணம் வராது. இறங்காமலே இருந்தால் உருட்டும்போது இலை நொறுங்கிச் சாறு வழிந்துவிடும்.

நீரை யார் வாங்கிக்கொள்வது? காற்றுதான். அந்தக் காற்று ஏற்கெனவே நிறைந்திருந்தால் இலை என்ன செய்யும்?

இங்கேதான் என் பழைய வேலை பயன்பட்டது. ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகையும், வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் எஸ்எச்டி31 உணரியுமாக இரண்டு ஜோடி வாங்கினேன். ஒரு ஜோடி 1,000 ரூபாய்க்குள். வாட்டும் அறையில் ஒன்று, வெளித் திண்ணையில் ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையும் ஈரப்பதமும் கைப்பேசிக்கு வரும். ஒரு தட்டின் கீழே எடை உணரியையும் வைத்து, இலை எவ்வளவு நீரை விட்டது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆகஸ்டில் வெளி உணரி நாள் முழுக்க ஈரப்பதம் 100 சதவீதம் என்றே காட்டத் தொடங்கியது. கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கினேன். அதுவும் 100. பிறகுதான் தெரிந்தது, மேகத்துக்குள் வைத்தால் உணரியின் மேலேயே நீர் கட்டிக்கொள்கிறது. உணரிக்குள்ளேயே ஒரு சின்னச் சூடேற்றி இருக்கிறது. அதை அவ்வப்போது இயக்கிவிட்டால் காய்ந்து சரியாகிவிடும். மலையில் இதைச் செய்யப்போகிறவர்கள் முதல் நாளே அந்த நிரலை எழுதிவிடுங்கள்.

நான்கு மாத அளவுகளிலிருந்து ஒன்று தெளிவானது. ஈரப்பதம் 85-ஐத் தாண்டினால் எங்கள் அறையில் இலை வாடாது. காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் வாடும். 16 டிகிரியில் 95 ஆக இருக்கும் காற்றை 21 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 70-க்கு இறங்கிவிடுகிறது. காற்றில் உள்ள நீர் அதேதான். இன்னும் வாங்கிக்கொள்ள அதற்கு இடம் வந்துவிடுகிறது. முதலில் விறகடுப்பை வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். இலை முழுவதும் புகை ஏறிவிட்டது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் கருவாடு வறுத்தது பக்கத்து அறையில் இருந்த 2 கிலோ தேயிலையில் ஏறி, அதையும் இழந்தோம். அன்று முதல் தேயிலை அறையைப் பின்புறக் கொட்டகைக்கு மாற்றி, மின்சூடேற்றியும் விசிறியும் வைத்தோம்.

இவ்வளவு செய்தும் சில நாள் இலை ஒரே மாதிரி வாடவில்லை. பாதி விறைப்பாக இருக்கும், பாதி சிவந்திருக்கும். அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காற்றில் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் அம்மா, அதுவரை என் வேலையில் தலையிடாதவர், கேட்டார்: "கொழுந்தை ஏன் தம்பி சாக்கில் அமுக்கிக்கொண்டு வருகிறாய்? அமுக்கினால் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகுமே."

சாக்கின் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது. நெருக்கி அடைத்தால் சூடேறி, கசங்கிய இடமெல்லாம் முன்கூட்டியே சிவக்கிறது. என் உணரிகள் அறைக்குள் இருந்தன. தவறு தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்துகொண்டிருந்தது. மறுநாளிலிருந்து கூடையில் தளர்வாக எடுத்துவந்தோம். இலையின் மேல் பனி நீர் காயும்வரை, அதாவது பத்து மணி வரை, பறிக்கக்கூடாது என்பதும் அம்மாவின் சொல்தான். எடை பார்த்து வாங்கும் இடத்துக்கு 34 ஆண்டுகள் பறித்தவர், எடையை மறந்துவிட்டு ஈரிலையும் மொட்டும் மட்டும் கிள்ளப் பழகினார். முதல் வாரம் கூடை நிறையவே இல்லை என்று அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உலர்த்தியிலும் ஏமாந்தோம். காய்கறி உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தேன். அது 70 டிகிரிக்கு மேல் போகாது. அந்தச் சூட்டில் இலை சிவப்பது நிற்பதற்கே நேரமாகிறது. தேநீரில் வெந்த கீரை வாடை வந்தது. அதை விற்றுவிட்டு, 110 டிகிரி வரை போகும் தட்டு உலர்த்தியைக் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கினேன். 42,000 ரூபாய். மகளின் பெயரில் போட்டிருந்த வைப்புத்தொகையை எடுத்துத்தான் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டபோது மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்போது திரும்பப் போடுவோம்?" இரண்டு ஆண்டு என்றேன். அந்தத் தேதியை அவர் நாட்காட்டியில் எழுதி வைத்தார்.

2023 ஜனவரியில் உறைபனி விழுந்தது. ஓடையோரத் தாழ்வில் இருந்த 10 சென்ட் செடிகள் ஒரே இரவில் கருகின. மீதியைக் கவாத்தில் வெட்டிய மிலார்களால், அதாவது சிறு கிளைகளால், மூடி, அம்மாவும் நானும் மகளுமாகக் காப்பாற்றினோம். கருகியதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைத்தது. ஆனால் உறைபனிக் காலத்தின் பகல்கள் வேறு. வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். காற்று காய்ந்திருக்கும். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது. நீலகிரியின் குளிர்காலத் தேயிலைக்குத் தனி மதிப்பு இருப்பது அதனால்தான். பொங்கலுக்கு அடுத்த வாரம் 5 கிலோ கொழுந்து எடுத்தோம். சூடேற்றியே தேவைப்படவில்லை. 16 மணி நேரத்தில் எடை 3 கிலோவுக்கு வந்தது. காம்பை வளைத்தால் ஒடியாமல் வளைந்தது. அறை முழுக்கப் பூ வாசம்.

மறுநாள் இரவு அம்மாவுக்கு அதைப் பால் சேர்க்காமல் கொடுத்தேன். இந்த உயரத்தில், கிட்டத்தட்ட 1,800 மீட்டரில், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்; கொதித்ததும் ஊற்றினால் போதும். அவர் வாழ்நாள் முழுவதும் குடித்தது டஸ்ட் தூளில் வடித்த பால் தேநீர். இரண்டு மிடறு குடித்துவிட்டு டம்ளரை விளக்குக்கு நேராகப் பிடித்து நிறத்தைப் பார்த்தார்.

"இது நான் பறித்ததா?" என்று கேட்டார்.

இனிக் காகித வேலை. தேயிலை வாரியத்தின் சிறு விவசாயி அட்டை அம்மா பெயரில் ஏற்கெனவே இருந்ததால் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் அவர் பெயரிலேயே எடுத்தோம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் எளிய பதிவு போதும் என்பது அன்றைய விதி. ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். உணவு வகையை நான் தவறாகக் குறித்ததால் ஒருமுறை திரும்பி வந்தது. திருத்தி அனுப்பியதும் கிடைத்தது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. உதவுகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். பெரிய தடை ஜிஎஸ்டி. விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வெளி மாநிலத்துக்கு ஒரு பொட்டலம் அனுப்பவேண்டும் என்றால் பதிவு கட்டாயம். பெங்களூரிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் முதல் ஆண்டு இல்லை என்றுதான் சொன்னோம். உறையில் நிகர எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி, தொடர்பு எண் எல்லாம் இருக்கவேண்டும். தயாரிப்பாளர் என்ற இடத்தில் தன் பெயர் அச்சாகி வந்ததை அம்மா விரலால் தடவிப் பார்த்தார்.

சென்னைக்குப் போன முதல் பொட்டலங்களில் மூன்றுக்கு, "உறையில் ஓட்டை, காற்று போய்விட்டது" என்று செய்தி வந்தது. ஓட்டை இல்லை. மலையில் காற்றழுத்தம் குறைவு. இங்கே அடைத்த உறை கீழே போனதும் சுருங்கிவிடும். மேட்டுப்பாளையத்தில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது உப்புவதற்கு நேர் எதிரானது இது. இப்போது இதை விளக்கி ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம்.

வீட்டின் நேரமெல்லாம் இலையின் நேரமாகிவிட்டது. அதில் ஓர் இரவு மட்டும் சொல்கிறேன். உலர்த்தியில் இலை இருந்தது. ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்த மனைவி தெருமுனையிலிருந்து அழைத்தார். சந்தில் கரடி நிற்கிறது. இது எங்கள் ஊரில் புதிதல்ல. டார்ச்சோடு ஓடி, பக்கத்து வீட்டுக்காரர்களோடு சத்தம் போட்டு அதை விரட்டி, அவரை அழைத்துவர 40 நிமிடம் ஆனது. இலை கருகிவிட்டது. நான் தட்டுகளை வெளியே இழுத்துப் போட்டபோது அவர் வாசலில் நின்று, "என்னால் போய்விட்டது" என்றார். அந்த வார்த்தை என்னை உலுக்கியது. கரடிக்குப் பயந்து நின்ற ஒரு பெண், வீட்டுக்கு வந்ததும் ஒன்றரைக் கிலோ தேயிலைக்காக வருந்தும்படி நான் இந்த வீட்டை ஆக்கியிருந்தேன். மறுவாரமே உலர்த்தி தானாக நிற்கும்படி நேரக்கருவியையும் வெப்பக் கட்டுப்பாட்டையும் இணைத்தேன். அவருக்கு மாலை வேலை இருக்கும் நாளில் உலர்த்துவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

நவம்பரில் நாங்கள் எதையும் தொடுவதில்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டதைக் கண்ணால் கண்ட ஊர் இது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் விழுந்தால் பொட்டலம் போகாது. மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். தீபாவளிக்கு முன்பே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, அந்த மாதம் மகளோடு இருப்பேன்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை 140 கிலோ விற்றோம். எங்கள் இலை போதாமல், பக்கத்துத் தோட்டத்துப் பெண்களிடம் ஈரிலையும் மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குகிறோம். இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடக்காது. இன்றும் தினம் மூன்று மணி நேரம் மென்பொருள் வேலை செய்கிறேன். நாட்காட்டித் தேதிக்கு ஐந்து வாரம் தாமதமாக வைப்புத்தொகையைத் திரும்பப் போட்டோம். இப்போது ஜிஎஸ்டி பதிவும் இருக்கிறது. முதல் பெங்களூர்ப் பொட்டலத்தின் முகவரியை மகள் எழுதினாள்.

இன்று காலை திண்ணை உணரி 62 காட்டுகிறது. பத்து மணி ஆகப்போகிறது. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். தட்டுகளைத் துடைத்து வைத்துவிட்டு நானும் போகவேண்டும்.