ஜிப்ஸிக்கு ஒரு இன்ச் பாடி லிஃப்ட்

சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) பாடிக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற துண்டுகளை வைத்து, பாடியை மட்டும் உயர்த்துவதுதான் பாடி லிஃப்ட். சேசிஸ் தனி, பாடி தனி என்று வரும் வண்டிகளுக்குத்தான் இந்த வேலை. ஜிப்ஸி, பொலேரோ, பழைய தார், சுமோ எல்லாம் இந்த வகை. கிரெட்டா மாதிரி ஒரே கூடாக வரும் வண்டியில் பிரித்துத் தூக்க எதுவும் இல்லை.

முதலில் டயர் கணக்கு. ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயர் 668 மி.மீ. விட்டம். 235/75 ஆர்15 என்றால் 733. வித்தியாசத்தில் பாதி, சுமார் 33 மி.மீ., ஆக்ஸில் உயரும். ஆக்ஸில் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைக் கல்லில் இடிக்காமல் காப்பாற்றுவது அந்த டயர்தான். அது உள்ளே சுற்ற இடம் கொடுப்பது மட்டுமே பாடி லிஃப்டின் வேலை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் லீஃப் ஸ்பிரிங்கில் உரசினால், அதற்குப் பாடி லிஃப்ட் உதவாது.

ஸ்பேசருக்கு அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி பக் போடுவார்கள்: 3 இன்ச் விட்டம், 1 இன்ச் கனம், கெட்டி ரப்பர். நமக்கு 75 மி.மீ. நைலான் ராடு வாங்கி லேத்தில் 25 மி.மீ. துண்டுகளாகக் கடைவது சுலபம். எல்லாத் துண்டின் முகமும் லேத்தின் ஒரே செட்டிங்கில் சமமாகக் கடைந்திருக்க வேண்டும். ஒன்று அரை மி.மீ. உயரமாக இருந்தாலும் கதவு இடைவெளியில் தெரிந்துவிடும். நடுத்துளை போல்ட்டைவிட அரை மி.மீ. பெரிது, அதற்கு மேல் வேண்டாம். மரக்கட்டை மழையில் ஊறிப் பிளக்கும். வாஷர்களை அடுக்கி உயரம் காட்டுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

சேசிஸ் மேல் பாடியைத் தாங்கும் ரப்பர் மவுண்டுக்கும் பாடிக்கும் நடுவில் ஸ்பேசரை வையுங்கள். மவுண்டுக்குள் இருக்கும் இரும்பு ஸ்லீவின் விளிம்பு நேராக நைலானில் பட்டால் மெல்லப் பள்ளம் விழும், போல்ட்டின் பிடி தளரும். நடுவில் 3 மி.மீ. கனமான அகல வாஷர் ஒன்று கட்டாயம். அந்த 3 மி.மீ. உயரத்திலும் சேரும், போல்ட் நீளத்திலும் சேரும். புது போல்ட் 8.8 கிரேடுக்குக் குறையாமல், பழைய அதே மரையில் இருக்கட்டும். இரண்டு, மூன்று இன்ச் என்று ஆசைப்பட்டால், பிரேக் போடும்போதெல்லாம் பாடி முன்னே தள்ளும் தள்ளலில் நீளப் போல்ட் வளையும். இடி வாங்கினால் அங்கேதான் முறியும்.

போல்ட்களுக்கு மூன்று நாள் முன்பே துரு எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டு நெம்பினால் பாடிக்குள் வெல்ட் செய்த நட்டு பிய்த்துக்கொண்டு சுற்றும். பிறகு தரையை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். பாட்டரி நெகடிவைக் கழற்றி, எல்லா மவுண்டையும் தளர்த்தி, ஒரு பக்கத்து போல்ட்களை மட்டும் எடுங்கள். மறுபக்கத்துப் போல்ட்கள் மரையிலேயே நிற்கட்டும். பாட்டில் ஜாக்கியின் தலையில் நீளப் பலகை வைத்து, ஸ்பேசர் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். ஜாக்கியை நம்பி இடைவெளிக்குள் விரல் விடக்கூடாது, பக்கத்தில் கட்டை முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கையாலேயே மரை ஏற்றிய பிறகுதான் ஸ்பானர்.

இதுவரை ஒருநாள் வேலை. தலைவலி இனிமேல்தான்: பாடியிலிருந்து சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் ஒவ்வொன்றும் இப்போது 28 மி.மீ. இழுபட்டு நிற்கும். தூக்கும்போதே ஒரு ஆள் டார்ச்சோடு கீழே பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. ரேடியேட்டர் பாடியோடு ஏறும், ஃபேன் இன்ஜினோடு நிற்கும். ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரில் மாட்டிய கூடான ஷ்ரவுடின் கீழ் விளிம்பில் இறக்கை உரசும். துளைகளை நீளமாக்கி ஷ்ரவுடை இறக்குங்கள், அல்லது கீழ்ப்பகுதியை அரைவட்டமாக வெட்டுங்கள். சாவி போடுவதற்கு முன் ஃபேனைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

ஸ்டியரிங் ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் முன்பே பெயிண்ட் கோடு போட்டால், எவ்வளவு வெளியே வந்தது என்று தெரியும். உள்ளே மிச்சம் ஒரு இன்ச்சுக்குக் குறைவு என்றால் வண்டியை எடுக்காதீர்கள். ஷாஃப்ட் நீளம் கூட்டித்தான் ஆகவேண்டும். பிரேக் ஹோஸ் விறைப்பாக நிற்கக்கூடாது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபட்டால் ஐடிலிங் ஏறும். எர்த் பட்டை அறுந்தால் செல்ஃப் சோம்பும், எல்லோரும் பாட்டரியைத் திட்டுவார்கள். ஃபோர் வீல் டிரைவும் லோ கியரும் போடும் டிரான்ஸ்ஃபர் லீவர் தரைத்துளையின் விளிம்பில் முட்டினால் லோ கியர் பாதி விழுந்து, ஏற்றத்தில் கழன்றுகொள்ளும். துளையைச் சற்று அகலமாக்கினால் சரியாகும். பம்பர் சேசிஸில் இருந்தால் இடைவெளி பல்லை இளிக்கும். பிராக்கெட்டில் புதுத் துளை போட்டால் தீர்ந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இந்த மாதிரி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். நைலான் அமுங்கியிருக்கும். அப்படியே ஹெட்லைட்டின் குறியையும் இறக்கிவிடுங்கள். அதுவும் பாடியோடு ஏறிவிட்டது, எதிரே வருபவர் கண் கூசும்.