பென்டிரைவில் ஜாவா: சிஎஸ் 3391, 3381 முடித்த கையோடு சில குறிப்புகள்

மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. சிஎஸ் 3391 என்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓஓபி (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) தியரி பேப்பர், 3381 அதன் லேப், இரண்டும் ஜாவாவில். தியரியில் ஏ பிளஸ், லேபில் ஓ கிரேடு. தியரியில் இன்னும் கொஞ்சம் வந்திருக்க வேண்டும் என்ற கடுப்பு இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். சொந்த லேப்டாப் இல்லாமல் ஜாவா பேப்பரைத் தாண்டியவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் சிஸ்டம் வைத்துக்கொண்டு இன்டெலிஜே (ஜாவா எழுதி ஓட்டும் பெரிய எடிட்டர்) ஓட்டுபவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

என் நிலைமை இதுதான். கல்லூரி லேப் சாயங்காலம் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். சனி, ஞாயிறு என்றால் பிரவுசிங் சென்டர். நடுவில் ரூம்மேட் அசந்து தூங்கும்போது அவன் லேப்டாப். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஜாவா, சிலவற்றில் ஜாவாவே இல்லை. இன்ஸ்டால் செய்யப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். லேப் அண்ணாவிடம் கேட்டால் "எச்ஓடி கையெழுத்து வாங்கிட்டு வா" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு மேலே ஆள் இருக்கிறது.

அதனால் ஜாவாவையே பென்டிரைவில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஜாவாவை இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தேவையில்லை. ஜேடிகே (ஜாவா புரோகிராம் எழுதி ஓட்டத் தேவையான டூல்களின் தொகுப்பு) என்பது ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். டவுன்லோட் பக்கத்தில் எம்எஸ்ஐ, இஎக்ஸ்இ என்று இருப்பதை விட்டுவிட்டு ஜிப் ஃபைலை எடுங்கள். விரித்தால் சுமார் 300 எம்பி வரும். அதற்குள் பின் (bin) என்ற ஃபோல்டரில் புரோகிராமை ஓட்டும் ஜாவா, கம்பைல் செய்யும் ஜாவாசி (javac) இரண்டும் இருக்கும். ரெஜிஸ்ட்ரியைத் தொடாது, அட்மின் கேட்காது.

எந்த ஜிப்? டெமுரின், ஜூலு, லிபெரிகா எல்லாமே ஓபன்ஜேடிகேதான் (ஓபன் சோர்ஸ் ஜேடிகே), காசு கிடையாது. நம் சிலபஸுக்கு லிபெரிகாவின் 'ஃபுல்' பதிப்பு. காரணம் யூனிட் 5. அதில் ஜாவாஎஃப்எக்ஸ் (விண்டோ, பட்டன் எல்லாம் உருவாக்கும் லைப்ரரி) இருக்கிறது. ஜாவா 11 முதல் ஜேடிகேயோடு அது பொதுவாக வருவதில்லை, தனியாக இறக்கி மாட்யூல் பாத் எல்லாம் கொடுக்க வேண்டும். லிபெரிகா ஃபுல்லில் ஜாவாஎஃப்எக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இது தெரியாமல் எங்கள் பேட்சில் பாதிப் பேர் 'ஜாவாஎஃப்எக்ஸ் ரன்டைம் காம்பொனென்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்' என்ற எரரோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

பென்டிரைவ் ஒரு சிஸ்டத்தில் ஈ டிரைவாக வரும், இன்னொன்றில் ஜி டிரைவாக வரும். எனவே ஜேடிகே இருக்கும் இடத்தை டிரைவ் எழுத்தோடு நேரடியாக எழுதி வைத்தால் அடுத்த சிஸ்டத்தில் ஓடாது. பென்டிரைவின் முதல் மட்டத்திலேயே, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், ஒரு பேட்ச் ஃபைல் (கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் .bat ஃபைல்) வையுங்கள். அதில் மூன்றே வரி. முதல் வரியில் ஜாவா ஹோம் என்ற வேரியபிளை செட் செய்கிறோம். டிரைவ் எழுத்துக்குப் பதிலாக சதவீதக் குறி, டில்டே, டி, பி, சுழியம் (%~dp0) என்று இடைவெளி இல்லாமல் அடித்து, அதை ஒட்டியே ஜேடிகே ஃபோல்டரின் பெயர். அந்த ஐந்து எழுத்துக்கும் 'இந்த பேட்ச் ஃபைல் எங்கே இருக்கிறதோ அந்த இடம்' என்று பொருள், கடைசி பேக்ஸ்லாஷும் அதிலேயே வந்துவிடும். இரண்டாவது வரியில் அந்த ஜாவா ஹோமின் பின் ஃபோல்டர், ஒரு செமிகோலன், பிறகு பழைய பாத் (கமாண்டுகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்). மூன்றாவது வரி சிஎம்டி, ஸ்லாஷ் கே (cmd /k). டபுள் கிளிக் செய்தால் கறுப்புத் திரை திறக்கும், ஜாவா தயார். விண்டோவை மூடினால் அந்த சிஸ்டத்தின் பாத் பழையபடியே இருக்கும்.

இரண்டாவது வரியில்தான் சூட்சுமம். நம் bin ஃபோல்டர் முன்னால், பழைய பாத் அதற்குப் பிறகு. மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? லேபில் ஆரக்கிள் ஜாவா 8 இருந்தது. அதன் இன்ஸ்டாலர் 'ஜாவாபாத்' என்று ஒரு ஃபோல்டரை சிஸ்டம் பாத்தின் தலையில் சேர்த்துவிடும். அதில் ஜாவா உண்டு, ஜாவாசி கிடையாது. நம் ஃபோல்டர் வாலில் இருந்தால் ஓட்டுகிற ஜாவா அவர்களுடையது, கம்பைல் செய்கிற ஜாவாசி நம்முடையது என்று ஆகிவிடும். கம்பைல் ஆகும். ஓட்டினால் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்', 61.0, 52.0 என்று திட்டும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17. புரோகிராமில் ஒரு தப்பும் இருக்காது, ஆனால் பையன் உட்கார்ந்து செமிகோலனை எண்ணிக்கொண்டிருப்பான்.

சந்தேகம் வந்தால் 'வேர் ஜாவா' (where java), 'வேர் ஜாவாசி' (where javac) என்று இரண்டு கமாண்ட் அடியுங்கள். எந்தெந்த இடத்தில் ஜாவா இருக்கிறது, எது முதலில் எடுக்கப்படும் என்று வரிசையாகக் காட்டும். இரண்டுக்கும் முதல் வரி பென்டிரைவைக் காட்டினால் சரி. நான் எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தாலும் முதல் வேலை இதுதான்.

வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) மேடம் கேட்ட முதல் கேள்வி: "பாத்துக்கும் கிளாஸ்பாத்துக்கும் என்னப்பா வித்தியாசம்?" கைடில் இரண்டு வரியில் இருக்கும் பதில்தான். பாத் என்பது இயங்கு ஃபைல்களை விண்டோஸ் தேடும் இடம், கிளாஸ்பாத் என்பது கிளாஸ் ஃபைல்களை (கம்பைல் செய்தால் கிடைப்பவை) ஜேவிஎம் (அவற்றை ஓட்டும் ஜாவா இயந்திரம்) தேடும் இடம். அதோடு நிறுத்தாமல் மேலே சொன்ன 61, 52 கதையையும் சொன்னேன். அவர் பேனாவை கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அடுத்து ஜேடிகே, ஜேஆர்இ (ஓட்ட மட்டும் உதவுவது, ஜாவாசி இல்லாதது) வித்தியாசம், அதுவும் அதே கதைக்குள்ளேயே இருந்தது. பிறகு திரெட்டில் ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டு அனுப்பிவிட்டார். எக்லிப்ஸ் என்ற எடிட்டரில் ரன் செய்யும் பச்சை பட்டனை மட்டும் அழுத்திப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் திணறினார்கள். எக்லிப்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குக் கறுப்புத் திரைதான் ஒத்துவருகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். பிராக்டிகல் அன்று பென்டிரைவை உள்ளே விட மாட்டார்கள். லேபில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் பென்டிரைவில் இரண்டு ஜேடிகே வையுங்கள், ஜாவா 17 ஒன்று, உங்கள் லேபில் என்ன பதிப்போ அது ஒன்று, ஆளுக்கொரு பேட்ச் ஃபைல். எங்கள் லேபில் 8. var என்ற வார் (ஜாவா 10இல் வந்தது), லிஸ்ட் டாட் ஆஃப் (9), டெக்ஸ்ட் பிளாக் (15), ரெக்கார்ட் (16) எதுவும் அதில் ஓடாது. 17இல் சுகமாகப் பழகிவிட்டு ஹாலில் போய் வார் அடித்தால் சிவப்புதான். ரிவிஷனுக்கு ஜேஷெல் (ஒரு வரி அடித்தவுடன் விடை காட்டும் டூல்) பயன்படும் என்பதால் மட்டும் 17. கடைசி இரண்டு வாரம் 8ஐத் தவிர வேறு தொடாதீர்கள்.

மற்றவை, வரிசை இல்லாமல்:

- ஃபோல்டர் பெயர்களில் ஸ்பேஸ் வேண்டாம்.
- யூஎஸ்பி 2.0 போர்ட்டில் முதல் கம்பைல் ஆமை வேகம், அடுத்தது பரவாயில்லை. பொறுமை இல்லையென்றால் ஜேடிகே ஃபோல்டரையும் பேட்ச் ஃபைலையும் டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து அங்கிருந்து ஓட்டலாம். உங்கள் புரோகிராம்களை மட்டும் அங்கே வைக்காதீர்கள். டீப் ஃப்ரீஸ் (ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள்) போட்ட சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனால் எல்லாம் காலி.
- பிரவுசிங் சென்டரில் ஷார்ட்கட் வைரஸ் நிச்சயம். ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் டபுள் கிளிக் செய்யாதீர்கள். ஃபைல்கள் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அட்ரிப் (attrib) கமாண்டில் எச், ஆர், எஸ் மூன்றையும் மைனஸ் போட்டு எடுங்கள். புரோகிராம்களின் நகலை மெயிலில் வையுங்கள்.
- எடிட்டருக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் போர்ட்டபிள் போதும். விஎஸ் கோடு வேண்டுமென்றால் அதன் ஜிப்பை விரித்து, உள்ளே டேட்டா என்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கினால் போர்ட்டபிள் ஆகிவிடும். ஆனால் பென்டிரைவில் இழுக்கும்.
- கமாண்ட் பிராம்ப்டையே முடக்கிய லேப்களில் இது எதுவும் வேலைக்கு ஆகாது. யூஎஸ்பி போர்ட்டை அடைத்த இடத்திலும் அப்படியே. சண்டை போடாமல் அனுமதி கேளுங்கள்.

லேப் புரோகிராம்களில் நான் எச்சரிக்க விரும்புவது எம்ப்ளாயி பே ஸ்லிப் ஒன்றுதான். பேசிக் பேயில் 97% டிஏ, 10% எச்ஆர்ஏ, 12% பிஎஃப், ஸ்டாஃப் கிளப் நிதி 0.1%. அந்த 0.1 சதவீதத்தை 0.1ஆல் பெருக்கிவிடுகிறார்கள். 0.001ஆல் பெருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் கால்குலேட்டரோடு வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். ஸ்டாக், கியூ, ஷேப், மல்டிதிரெட் எல்லாம் இரண்டு முறை அடித்தால் கை தானாகப் போகும்.

தியரி. பார்ட் ஏ இருபது மார்க்கை விடாதீர்கள். யூனிட் 3இல் எக்ஸெப்ஷன், திரெட் இரண்டையும் படித்தால் ஒரு 13 மார்க் உறுதி. பார்ட் சி-யில் முழு புரோகிராமும் அவுட்புட்டும் எழுதியும் எதிர்பார்த்த மார்க் வரவில்லை. ரீவேல்யூவேஷன் போடலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் முதலில் ஃபோட்டோகாப்பிக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். மாசக் கடைசி வேறு.

பிராக்டிகலில் சீட்டு எடுக்கும்போது ஜாவாஎஃப்எக்ஸ் வந்துவிட்டால் பயப்படாதீர்கள். இம்போர்ட் வரிகளை மட்டும் கையால் எழுதிப் பழகியிருங்கள்: அப்ளிகேஷன், ஸ்டேஜ், சீன், பிறகு கன்ட்ரோல். பட்டனுக்குத் தவறுதலாக ஏடபிள்யூடி (ஜாவாவின் பழைய விண்டோ லைப்ரரி) பேக்கேஜை இம்போர்ட் செய்துவிட்டால் லேஅவுட்டில் சேர்க்கும் வரியில்தான் எரர் காட்டும், இம்போர்ட் வரியில் காட்டாது. நீங்கள் தேட வேண்டியது ஃபைலின் மேலே.