அராலி வேலியும் இரண்டு கமராக்களும்

பறவைகளைப் படம் எடுப்பதற்கென்று ஒருவர் கமரா வாங்கப் புறப்பட்டால், யாழ்ப்பாணத்தில் அவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, கலியாண வீட்டுக்கும் அதைப் பாவிக்கலாமா என்பதுதான். பறவைகள் முற்பணம் தருவதில்லை என்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. லென்ஸ் இல்லாத வெறும் பொடிக்கே இந்த விலையா என்று அம்மா திகைத்து முடித்தபோது, என் பட்டியலில் இரண்டு கமராக்கள் மிஞ்சியிருந்தன: சாமத்திய வீடுகளில் படம் எடுக்கும் நண்பரின் நிக்கோன் டி500, ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சானின் கேனன் ஆர்7. இரண்டையும் அவற்றின் லென்ஸ்களோடு இரவல் வாங்கிக்கொண்டு, முக்காலியும் கையுமாக அராலிக் கடல் நீரேரிப் பக்கம் போனேன்.

2016இல் வெளிவந்த டி500, செக்கனுக்குப் பத்துப் படங்களைச் சளைக்காமல் எடுத்துத் தள்ளுகிறது. ஆயினும் உள்ளே இருக்கும் கண்ணாடி எழுந்து விழும் ஓசைக்கு, அருகில் மேய்ந்த கொக்கு ஒன்று ஆட்சேபம் தெரிவிப்பதுபோல் எழுந்து போய்விட்டது. 2022இல் வந்த ஆர்7, அசையும் திரை இல்லாத மின்ஷட்டரில் ஓசையே இன்றி முப்பது படங்கள் எடுக்கும். ஆனால் படத்தைப் பதியும் அதன் உணரி காட்சியை வரிவரியாக வாசிப்பதால், ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடையில் சிறகு நகர்ந்துவிட, விரைந்து பறந்த ஆலாவின் இறக்கை வளைந்த அரிவாளாகப் பதிவாகியது. இயந்திர ஷட்டருக்கு மாற்றினால் பதினைந்து படங்களும் நேரான இறக்கையும் கிடைக்கின்றன. என் கணிப்பில் அதுவே போதும். உண்மையான வித்தியாசம், எதைத் தெளிவாகக் காட்டுவது என்று கமரா தேடிப் பிடிக்கும் குவியத்தில்தான் இருக்கிறது. வெறும் வானத்தில் பறக்கும் ஆலாவை இரண்டும் பிடித்தன. பனங்கூடலுக்கு முன்னால் பறந்த கரிச்சானைத் தேடிய டி500 பனையோலையைத் தெளிவாக எடுத்துத் தந்தது, ஆர்7 பறவையின் கண்ணையே பற்றிக்கொண்டது.

இந்த ஆராய்ச்சியின் நடுவில்தான் ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி, காணி அளக்க வந்தனீங்களோ?"

முக்காலியைக் கண்டவர் என்னை நில அளவையாளராகவே முடிவுசெய்திருந்தார். குருவி பார்க்க வந்தேன் என்ற என் பதிலை, அரச அலுவலர்கள் இரகசியம் காப்பதற்குச் சொல்லும் பொய்யாக எடுத்துக்கொண்டு, அயலவர் வேலிக் கதியால்களை இவர் காணிப் பக்கம் தள்ளி நட்ட வரலாற்றை அவர் தொடக்கத்திலிருந்தே விவரித்தார். எல்லைக்கல்லை ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று அவர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

கல்லை நோக்கி ஆர்7ஐத் திருப்பினேன். வேலிக்கு முன்னால் ஒரு கிளுவங்கதியாலில் காகம் ஒன்று இருந்தது. விலங்குகளைக் கண்டறியும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததால், கமரா காகத்தின் கண்ணில் நீலச் சதுரத்தைப் பதித்து நின்றுவிட்டது. திரையில் காகத்தின் ஒவ்வொரு இறகும் எண்ணத்தக்கதாகத் தெரிய, பின்னால் இருந்த எல்லைக்கல் வெறும் சாம்பல் மங்கலாகக் கரைந்திருந்தது. எனக்கு எந்தக் கமரா என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

பெரியவர் திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"கோர்ட்டிலை காகமோ தம்பி எனக்குச் சாட்சி?"