சித்தப்பா சொல்லாமல் விட்டது

வங்கித் தேர்வுக்குப் படித்தபோது என்னைப் படுத்தி எடுத்தது கணக்கு அல்ல, ரீசனிங்கில் வரும் அசம்ப்ஷன் கேள்விகள்தான். பேசுகிறவர் வாய்விட்டுச் சொல்லாமல், உண்மை என்று எடுத்துக்கொண்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நானோ, படிக்க நியாயமாக இருப்பதை டிக் செய்துவிடுவேன். தப்புக்குக் கால் மார்க் வேறு போகும். மாக் டெஸ்டில் ஐந்துக்கு ஒன்று தேறினால் பெரிது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2023 ஜூனில் டிவியில் மேட்டூர் அணை திறந்த செய்தி ஓடியது. “12ஆம் தேதியே திறந்தாச்சுண்ணே, குறுவை நெல் போட்டுடலாம்” என்றார் சித்தப்பா. அப்பா சாப்பிட்ட கையோடு திரும்பி, “திறந்தாப் போதுமா? நம்ம மடைக்கு வரணும்ல. வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அப்படியே கிடக்கு” என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தண்ணீர் நேரத்துக்கு நம் வயலுக்கு வந்துவிடும் என்பதைச் சித்தப்பா சொல்லவே இல்லை, ஆனால் பேச்சு அதன் மேல்தான் நிற்கிறது. ‘வராது’ என்று திருப்பிப் போட்டால் குறுவை யோசனையே படுத்துவிடும். சரி, ‘அணை 120 அடியும் நிரம்பியிருக்கிறது’ என்பதைத் திருப்பினால்? நிரம்பாவிட்டால் என்ன, திறந்துதான் விட்டார்களே! அவர் பேச்சு அசையவில்லை. முன்பெல்லாம் நான் டிக் செய்தது இந்த மாதிரி விடைகளைத்தான்.

மறுநாள் கும்பகோணத்து நண்பனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். “எங்க ஊர்ல போர்வெல் தண்ணியிலயே குறுவை போடுவோம், ஆத்துத் தண்ணி எதுக்கு?” என்றான். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். வேறு தண்ணீர் கிடையாது என்பதை நானும் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருக்கிறேன்!

அப்புறம் வீட்டுப் பேச்சையெல்லாம் கேள்வியாக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். ‘ஜூன் 12 வரப்போகிறது, அதனால் மேட்டூர் திறப்பார்கள்.’ அணையில் போதிய தண்ணீர் இருக்கும் என்பது இதில் ஒளிந்திருக்கிறது. வழக்கமான நாள் ஜூன் 12 என்றாலும், 2024இல் தண்ணீர் போதாமல் ஜூலை 28தான் திறந்தார்கள். ‘எல்லா’, ‘மட்டும்’ வரும் விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தப்பென்று அடித்துவிடு என்பார்கள். நான் அடிப்பதில்லை. கூற்றிலேயே அவ்வளவு அழுத்தம் இருந்தால் விடையிலும் வரும்.

பிறகு ஐந்துக்கு நான்கு வரை வந்தது. ஒருமுறை தப்பிய கேள்வி உர விலை பற்றியது. கேள்வியில் இல்லாத எங்கள் ஊர்க் கதையை உள்ளே கொண்டுபோய்விட்டேன்.

அந்த வருஷம் நாங்கள் குறுவை போடவில்லை. சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான்.