சோஃபாவுக்கு மேலே ஒரு கேன்வாஸ்

ஹாலுக்கு கேன்வாஸ் படம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறம். சோஃபா நீலமா, படத்திலும் நீலம் இருந்தாக வேண்டும்! எனக்கென்னவோ இதில் உடன்பாடில்லை. சோஃபா உறையை நாளைக்கே மாற்றிவிடலாம். படம் பல வருஷம் கண்ணெதிரே இருக்கப்போகிறது. மனசுக்குப் பிடித்ததை வாங்குங்கள். அளவில் மட்டும் கறாராக இருங்கள். பெரிய சுவரில் சின்னப் படம் தபால்தலை மாதிரித்தான் தெரியும். சோஃபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பொருத்தமாக இருக்கும். 6 அடி சோஃபாவுக்கு 4 அடிப் படம்.

வாங்குமுன் பழைய செய்தித்தாளை அதே அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி, ரெண்டு நாள் அப்படியே விடுங்கள். வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உயரமும் அதிலேயே பிடிபட்டுவிடும். நாம் பெரும்பாலும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில்தான் ஆணி அடிக்கிறோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும், கலைக்கூடங்களிலும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். சோஃபாவுக்கு மேலே என்றால் சாய்மானத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி போதும்.

கேன்வாஸுக்குக் கண்ணாடி போடுவதில்லை என்பதால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. ஆனால் நேர் வெயில் விழுந்தால் சாயம் வெளுக்கும்.

அப்புறம், கடையில் படத்தைத் திருப்பியும் பாருங்கள். ஓவியம் பக்கவாட்டிலும் மடங்கித் தொடர்ந்தால் சட்டம் வேண்டியதில்லை. மூலையில் துணி மொத்தையாகச் சுருண்டு, தொட்டால் தொளதொளவென்று இருந்தால் வேறு படம் பாருங்கள். தூசி தட்ட மென்மையான பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.