வேலூர் வெயிலில் ஏர்பிரஷ்: முதல் செட்டில் காசை எங்கே போடுவது

பிளாஸ்டிக் மாடலுக்குப் பெயின்ட் அடிக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கன்னைத்தான், அதாவது காற்றால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷைத்தான், முதலில் தேடுகிறார்கள். அதற்குக் காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரஸர் அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சுமாரான கன்னும் சீரான காற்றில் ஒழுங்காக வேலை செய்யும். காற்று சீராக இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கன்னும் துப்பத்தான் செய்யும்.

கேட்டு வாங்க வேண்டியது எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத பிஸ்டன் கம்ப்ரஸர். 1/6 அல்லது 1/5 எச்.பி. மோட்டார், 3 லிட்டர் டேங்க், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் ட்ராப், இந்த நான்கும் இருக்கட்டும். பிஸ்டன் காற்றைத் துடித்துத் துடித்துத் தள்ளும். டேங்க்தான் அந்தத் துடிப்பை அடக்குகிறது. அதைவிட முக்கியம், டேங்க் நிரம்பி அழுத்தம் ஏறத்தாழ 4 பார் வந்ததும் மோட்டார் தானே நின்று, 3 பாருக்கு இறங்கியதும் மறுபடி ஓடும். நடுவில் கிடைக்கும் ஓய்வு கத்திரி வெயிலில் மோட்டாருக்கு உயிர். டேங்க் இல்லாதது ஓயாமல் ஓடிச் சூடேறி, வேலையின் நடுவே நின்றுவிடும். கன்னின் அடியில் மாட்டும் பேட்டரி கம்ப்ரஸரை முதல் செட்டாக வாங்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் அழுத்தத்தை நுணுக்கமாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பாமல் நிற்கும். மெல்லிய நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டினாலும் இதேதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. அமுக்கிய காற்று சூடாக வெளிவரும்போது ஈரம் ஆவியாகவே ட்ராப்பைத் தாண்டிவிடும். ஹோஸில் போகப் போக ஆறி, நீர்த்துளியாகி, பெயின்டோடு சேர்ந்து மாடலில் தெறிக்கும். கன்னுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ட்ராப் மாட்டினால் இது தீரும். வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இனி கன். டூயல் ஆக்ஷன், மேலே கப் உள்ள கிராவிட்டி ஃபீட். பட்டனை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். பக்கவாட்டில் பாட்டில் தொங்கும் வகைக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும், பெயின்டும் அதிகம் வீணாகும். பெயின்ட் வெளிவரும் முனைத் துளையான நாஸில் 0.3 முதல் 0.5 மி.மீ.க்குள் இருக்கட்டும். ஐவாட்டா நியோ சி.என். கன் என்றால் 0.35, பேட்ஜர் பேட்ரியட் 105 கன் என்றால் 0.5. மெல்லிய கோடு வரும் என்ற ஆசையில் 0.2 வாங்காதீர்கள். நாஸிலுக்குள் இருக்கும் ஊசியின் முனையில் காற்று வேகமாக உரசிப் போவதால் அங்கே பெயின்ட் எங்கேயும் காயத்தான் செய்யும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டும்போது 0.2 நாஸில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் எளிதில் கிடைக்கிறதே என்று அதை எடுக்கவும் வேண்டாம். அதன் நாஸில் 1.4 மி.மீ. அளவில் இருக்கும், நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவே உள்ள 1/72 விமான மாடல் அதில் மூழ்கிவிடும்.

கன் வாங்கும்போதே அதே மாடலுக்கு ஒரு ஊசி, ஒரு நாஸில் கூடுதலாக வாங்கி வையுங்கள். திருகி மாட்டும் குட்டி நாஸிலை ஸ்பேனரால் இறுக்கினால் கழுத்து முறிந்துவிடும். பட்டும் படாமல் திருகினால் போதும். ஹோஸ் மரை பெரும்பாலும் 1/8 இன்ச். பேட்ஜருக்கு மட்டும் தனி மரை, அடாப்டர் தேவைப்படும். ஹோஸ் இணைப்பில் காற்று கசிந்தால் பைப் கடையில் கிடைக்கும் டெஃப்லான் டேப் போதும்.

பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கப்பின் சுவரில் வழிந்தால் மெல்லிய படலம் விட்டு இறங்கும். டாமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயின்டை அதன் எக்ஸ்-20ஏ தின்னரில் ஒன்றுக்கு ஒன்று கலந்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 1 முதல் 1.4 பார்) அழுத்தத்தில் அடித்துப் பாருங்கள். வலேஹோ கம்பெனி அக்ரிலிக்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றினால் திரிந்த பால் மாதிரி கட்டி தட்டும். அதற்கு அதன் சொந்தத் தின்னரும், 10 சொட்டுப் பெயின்டுக்கு 1 அல்லது 2 சொட்டு, பெயின்டைத் தடையின்றி ஓடவைக்கும் ஃப்ளோ இம்ப்ரூவரும் போதும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. கோடையில் காலை 8 மணிக்குள் அடித்து முடியுங்கள்.

கப்பில் குமிழி வந்தால் நாஸில் சரியாக உட்காரவில்லை, அல்லது விரிசல், அல்லது முனையில் அடைப்பு. மாடலில் சிலந்திக் கால் மாதிரி ஓடினால் பெயின்ட் நீர்த்துவிட்டது, இல்லையென்றால் அழுத்தம் கூடிவிட்டது. மணல் தூவியது போலச் சொரசொரத்தால் தூரத்திலிருந்து அடிக்கிறீர்கள். துளி வந்து சேரும் முன்பே காய்ந்துவிடுகிறது. 8 முதல் 10 செ.மீ.க்கு நெருங்குங்கள், மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

என்-95 மாஸ்க் பெயின்ட் துளியைத் தடுக்கும், காரமான தின்னரில் கரைக்கும் லாக்கர் வகைப் பெயின்டின் ஆவியைத் தடுக்காது. லாக்கர் அடிப்பதென்றால் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம். லாக்கர் தீப்பிடிக்கும் சரக்கு, பூஜை விளக்கு எரியும் அறையிலோ கேஸ் அடுப்புப் பக்கத்திலோ தொடவே கூடாது.

வேலை முடிந்ததும் கப்பைக் கழுவி, தெளிந்த நீர்மம் வரும்வரை அடித்துவிட்டு, அதன் பிறகே ஊசியைப் பின்பக்கமாக உருவுங்கள். கழுவாமல் உருவினால் பெயின்ட் உள்ளே இருக்கும் சீலில் போய் ஒட்டும். உருவிய ஊசியைக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்ல உருட்டிப் பாருங்கள். முனை எம்பி எம்பி ஆடினால் வளைந்திருக்கிறது, அதை நாஸிலுக்குள் திரும்ப விடாதீர்கள்.