அரையாண்டு லீவில் இருப்பீர்களா மிஸ்?

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரப் பள்ளி ஒன்றில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலர்) இருந்தேன். 2012 டிசம்பர் முதல் வாரம், சக மாணவனை அடித்ததாகப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னிடம் அனுப்பினார்கள். "மார்கழி நெருங்கினாலே இவனுக்குத் திமிர் ஏறிவிடும்" என்றார் ஆசிரியர். வீட்டில் பயந்த கோளாறு என்று நாகூரில் ஓதித் தாயத்துக் கட்டியிருந்தார்கள். வீட்டார்தான் உண்மைக்கு அருகில் இருந்தார்கள்.

மூன்று முறை பேசினேன். தலைவலி, தூக்கமில்லை என்றான். நான் அவன் கோபத்தையே துருவிக்கொண்டிருந்தேன். என் தவறு அது. நான்காம் முறை எழுந்து போகும்போது, "அரையாண்டு லீவில் இருப்பீர்களா மிஸ்?" என்று கேட்டான். சுனாமி வந்த டிசம்பர் 26ஆம் தேதி லீவில்தான் வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2004இல் அவனுக்கு ஏழு வயது. "ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சியைக் கரைக்குக் கூட்டிப்போனது நான்தான்."

"செத்துப்போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாயா தம்பி?"

"சாக வேண்டும் என்று இல்லை மிஸ். ராத்திரியில் அந்தச் சத்தம் நிற்க வேண்டும்."

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பெற்றபோது, வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களே பலர் மனத்திலும் இருந்தார்கள். பதின்வயதுப் பிள்ளையிடம் அது எரிச்சலாக, அடிதடியாக, வயிற்றுவலியாக, பள்ளிக்கு மட்டம் போடுவதாக வெளிப்படும். நாம் பிரம்பை எடுக்கிறோம். உள்ளே நினைவு விரட்டுகிறது, தூக்கம் போகிறது, பிழைத்ததே குற்றமாக உறுத்துகிறது, மனச்சோர்வும் வந்து சேர்கிறது. யோசிக்குமுன் செய்துவிடும் வயது வேறு. சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பின்னாளில் தற்கொலை முயற்சிகளும் கூடுவதை, 1998 முதல் வெளியான அமெரிக்க ஆய்வுகள் காட்டின. சுனாமிதான் வேண்டும் என்றில்லை. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் பாலியல் கொடுமையும் இதே வேலையைச் செய்கின்றன, பெரும்பாலும் இன்னும் கொடூரமாக.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று சக ஆசிரியர்கள் இன்றும் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை என்பது ஆய்விலும் தெரிந்த விஷயம். நேராகக் கேளுங்கள், தயவுசெய்து.

அன்று மாலையே அவன் அம்மாவிடம் பேசினேன். ஆபத்தான எதையும் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டாம், இரவில் தனியே விடவேண்டாம் என்றேன். மறுநாள் மூவருமாக மனநல மருத்துவரிடம் போனோம். அதிர்ச்சி நினைவை அஞ்சாமல் எடுத்துப் பேசப் பழக்கும் சிகிச்சை மாதக்கணக்கில் நடந்தது. இப்போது என்றால் இரவு எந்நேரமும் அழைக்க அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, 2022இல்தான் வந்தது. அன்று என் கைபேசி எண்ணைத்தான் எழுதிக்கொடுத்தேன். இரண்டு முறை அழைத்தான்.

26ஆம் தேதி காலை அவர்களோடு கரைக்குப் போனேன். அம்மா கடலில் பால் ஊற்றினார். அவன் தண்ணீருக்குப் பத்தடி தள்ளி, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.